எட்டெழுத்துக் கதவு

மார்ச் 4

மதிப்புக்குரிய (எவ்வளவு மதிப்பு என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது) மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுகிறேன். வாலு என்று பட்டம் கட்டிவிட்டுப் போனீர்களே, அதே வாலு. இப்போது பதினேழு வயசு நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது.

இந்தக் காலத்தில் யாராவது தாளில் எழுதுவார்களா என்று முகம் சுளிப்பீர்கள். மின்னஞ்சல் அனுப்பினேன், அப்படி ஒரு ஆளே இல்லை என்று திரும்பி வந்தது. வீட்டிலிருக்கும் எல்லா போனிலும் உங்கள் எண்ணை அம்மா தடுத்து வைத்திருக்கிறாள். கற்கால மனிதருக்குக் கற்கால வழி. கல்லில் செதுக்கி அனுப்பலாம் என்றால் தபால்காரர் பாவம்.

விஷயம் இதுதான். நம் நீச்சல் குளத்துக்கு நான் இணையதளம் கட்டுகிறேன். உறுப்பினர்கள் வீட்டில் இருந்தபடியே உள்ளே நுழைந்து நேரம் பதிந்துகொள்ளலாம். அம்மா நிபந்தனை போட்டிருக்கிறாள்.

"ஏப்ரல் பத்தாம் தேதி திறக்கணும். பழைய மெம்பர் எல்லாரும், வாசக்கதவுல அடிக்கிற அதே பாஸ்வேர்டை வெச்சு உள்ள வரணும். ஒருத்தர் கூட போன் பண்ணி அழக் கூடாது. நடந்தா நீ கேக்கற கம்ப்யூட்டர் படிப்பு. நடக்கலேன்னா எதிர்த்தெரு கல்லூரியில கணக்குப் பதிவியல். விண்ணப்பம் வாங்கி வெச்சுட்டேன்."

அதோடு விட்டாளா? "அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

அந்த ஆள் நீங்கள்தான். வாழ்த்துகள்.

நான் எடுத்திருக்கும் ஃபிரேம்வொர்க்கில் (தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்) உள்நுழைவு வேலை எல்லாம் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். அது கேட்பது கொஞ்சம்தான். 'யூசர்ஸ்' என்று ஒரு டேபிள், அதாவது கட்டம் போட்ட பட்டியல். அதில் மின்னஞ்சலுக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். குளத்துக் கதவுக்கு ப்ரோகிராம் எழுதிய நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? டேபிளின் பெயர் 'ஆளுங்க'. புகைப்படத்துக்கு 'மூஞ்சி'. உறுப்பினர் இன்னும் வருகிறாரா, நின்றுவிட்டாரா என்பதற்கு 'உயிரோட'. பாஸ்வேர்டு இருக்கும் கட்டத்துக்கு 'சாவி'. அந்தச் சாவிக்குள்ளே என்ன குழப்பி அடைத்திருக்கிறீர்கள் என்று ஒரு எழவும் புரியவில்லை.

எப்படிக் குழப்பினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பதிலை வரவேற்பு மேசை அக்கா பெயருக்குப் போடுங்கள். குளத்துக்கு வரும் தபாலை அவள்தான் பிரித்து அடுக்குகிறாள். என் கட்சி.

உயிரோட: ஆம்,
வாலு


மார்ச் 9

வாலுக்கு,

நான் இங்கே ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். சில இயந்திரங்கள் சீட்டைத் துப்பாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் வழிக்கு வரும். உன்னைத் தட்ட வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது என்பது கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்தது.

என் டேபிளைப் பார்த்துச் சிரிக்கிறாயா? சிரி. உன் அம்மாவும் சிரித்தாள். வெளியே இருந்து ஒரு சாப்ட்வேரை வாங்கிக்கொண்டு வந்து, பயிற்சியாளர், வரவேற்பு மேசைப் பெண், குழாய் பார்க்க வந்த ஆள் எல்லாருக்கும் முன்னால், "இவன் எழுதினது ப்ரோகிராமே இல்ல, கிறுக்கல்" என்றாள். நான் கிளம்பிவிட்டேன். அவள் வாங்கிய சீமைச் சரக்கால் வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. கிறுக்கல்தான் இன்றைக்கும் திறக்கிறது. திரும்ப வா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கூப்பிடாமல் வர எனக்குக் கால் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன். உனக்காக அல்ல, கதவுக்காக. 'ஆளுங்க' டேபிளில் கை வைக்காதே. எந்தக் கட்டத்தின் பெயரையும் மாற்றாதே. வாசல் கதவு அந்தப் பெயர்களைத்தான் தேடும்.

எப்படிக் குழப்பினேன் என்று சொல்ல மாட்டேன். வால் மட்டும்தான் வளர்ந்ததா, மேலேயும் ஏதாவது வளர்ந்ததா என்று பார்க்கலாம்.

மாமா


மார்ச் 13

மூஞ்சி காட்டாத மாமாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். காலைக் காபி ஆறுவதற்குள்.

நானும் குளத்தில் உறுப்பினர்தானே? என் சாவி எனக்குத் தெரியும். டேபிளில் என் வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் உறுப்பினர் எண் மூன்றில் முடிகிறது. சாவியின் ஒவ்வொரு எழுத்தும் மூன்று இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முடிந்தது ரகசியம். இதற்குத்தானா இத்தனை பீடிகை? எண் பூஜ்யத்தில் முடிகிறவர்களின் கதி என்ன தெரியுமா? அவர்கள் சாவி ஒரு இடம்கூட நகராமல் அப்படியே அம்மணமாக நிற்கிறது. குளத்துக்கு வருகிறவர்கள்கூட ஒரு துண்டாவது கட்டியிருப்பார்கள் மாமா.

இன்னொரு தமாஷ். சாவிக் கட்டத்தில் இடம் தாராளமாக விட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒருத்தருடைய சாவியாவது எட்டு எழுத்தைத் தாண்டவில்லை. நீந்தத் தெரிந்த அளவுக்கு உங்கள் ஆளுங்களுக்கு எண்ணத் தெரியவில்லை. சோம்பேறிக் கூட்டம்.

அப்புறம், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். செய்யாமல் இருந்தால் நான் வாலு இல்லை. 'சாவி' என்ற கட்டத்தை 'பாஸ்வேர்ட்' என்று மாற்றினேன். ஃபிரேம்வொர்க் குளிர்ந்துபோனது. வாசல் கதவு செத்துப்போனது. வெளியே வரவும் சாவி அடிக்க வேண்டும் என்று எந்த மகானுபாவர் வைத்தாரோ, உள்ளே நீந்திக்கொண்டிருந்தவர்கள் கதவுக்குப் பின்னால் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். பயிற்சியாளர் விசிலை என் காதுக்குள்ளேயே ஊதினார்.

"ஏய் வாலு, என்ன பண்ணித் தொலைச்ச? உள்ள இருக்கறவங்க எல்லாம் ஊறிப் போயிட்டாங்க!"

"குளத்துக்கு வந்தா ஊறத்தானே சார் செய்யணும்?"

அம்மா கார் வந்து நிற்பதற்குள் பெயரைப் பழையபடி மாற்றிவிட்டேன். மின்சாரக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். மின்சாரம் மறுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். பெயரை மாற்றாமல் எப்படி?

கொஞ்சம் ஈரத்துடன்,
வாலு


மார்ச் 17

வாலுக்கு,

பெயரை மாற்றாதே என்று எழுதியிருந்தேன். தமிழில்தான் எழுதியிருந்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன், ஆமாம், தமிழ்தான்.

வளைய வேண்டியது டேபிள் அல்ல, உன் ஃபிரேம்வொர்க். இவ்வளவு பீற்றிக்கொள்கிறாயே, அதைச் செய்தவர்கள் உன்னைவிட அறிவுள்ளவர்கள். உலகம் முழுக்கப் பழைய டேபிள்கள் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கேள்வி கேட்கும் இடங்களைத் திறந்து வைத்திருப்பார்கள். "பாஸ்வேர்ட் எங்கே?" என்று அது கேட்கும் இடத்தில், 'சாவி' என்ற கட்டத்தைக் காட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன், ரெண்டு வரிக் கட்டளை, எழுது. "ஆளை எதை வைத்துத் தேட?" என்று கேட்குமிடத்தில் மின்னஞ்சலை எடுத்துவிட்டு உறுப்பினர் எண்ணைக் கொடு. "உயிரோட" இல்லாதவரை உள்ளே விடாதே. கடைசியாக, அடித்த சாவி சரியா என்று பார்க்கும் இடம். அங்கே அதன் சொந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு என் குழப்பலை மாட்டு. நீ நகைத்த அதே குழப்பல்.

என் குழப்பலை அவிழ்க்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக அடுத்தவர் சாவியை உட்கார்ந்து படிக்காதே. அத்தனை வருஷம் அந்த டேபிள் என் மடியில் கிடந்தது. ஒருத்தருடையதையும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. அந்த நாகரிகமாவது உன் வாலில் ஒட்டட்டும்.

மாமா


மார்ச் 22

மாமா,

நீங்கள் சொன்னது வேலை செய்தது. இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

எண்ணை அடித்தேன், சாவியை அடித்தேன், தளம் என்னை உள்ளே விட்டது. பயிற்சியாளரை உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன். உள்ளே போனார். வரவேற்பு அக்கா, உள்ளே. அக்கா கண்ணில் தண்ணீர் வராத குறை. "இனிமே போன்ல யாரும் என் உயிரை வாங்க மாட்டாங்கல்ல?" என்றாள்.

சாயங்காலம் நீந்தலாம் என்று வாசலுக்குப் போனேன். கதவு என் சாவியை ஏற்கவில்லை. பயிற்சியாளருடையதையும் ஏற்கவில்லை. தன் குளத்துக்குத் தானே வெளியாளாக நின்றவர் என்னைப் பார்த்த பார்வையில் குளோரின் நெடி அடித்தது.

டேபிளைத் திறந்தால், எங்கள் மூவர் சாவிக் கட்டத்திலும் யாரோ வாந்தி எடுத்து வைத்தமாதிரி நீளமாக என்னவோ கிடக்கிறது. அதுவும் பாதியில் அறுந்து. நான் எழுதவில்லை. சத்தியமாக நான் எழுதவில்லை. உங்கள் டேபிளில் பேய் இருக்கிறதா, இல்லை நீங்களேதானா அது?

எங்கள் சாவிகளை மட்டும் கையால் திருத்திவிட்டேன். ஏன் நடந்தது என்று சொல்லுங்கள்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. யாராவது தப்பாக அடித்தால் "தவறான கடவுச்சொல்" என்று சப்பென்று சொல்ல வேண்டுமா என்ன? நான் வேறு எழுதி வைத்திருக்கிறேன். "மறந்தது சாவியையா, மூளையையா?" எப்படி? திறப்பு விழாவுக்கு முன் எடுத்துவிடுவேன். அதுவரை பயிற்சியாளருக்காக.

கை கூசும்
வாலு


மார்ச் 26

வாலுக்கு,

பேய் இல்லை. உன் ஃபிரேம்வொர்க். பழைய பாணியில் வைத்த சாவியைப் பார்த்ததும், ஆள் சரியாக நுழைந்த கையோடு, அதைத் தன் பாணியில் அரைத்துத் திரும்ப எழுதிவைக்கும். அப்படி அரைத்ததை யாராலும் திரும்ப அவிழ்க்க முடியாது. உலகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நீ தாராளம் என்ற என் கட்டத்தில்கூட அதற்கு இடம் பற்றாது, என் கதவுக்கு அந்த மாவு செரிக்காது. இது அந்த ஃபிரேம்வொர்க்கின் குறிப்புகளிலேயே எழுதியிருக்கும். படிக்க மாட்டாய். படிப்பது உனக்குக் கேவலம்.

'ஆளுங்க' டேபிளைத் தளம் படிக்க மட்டும் விடு, எழுத விடாதே. பக்கத்தில் உனக்கென்று ஒரு புது டேபிள் போடு. அதில் உறுப்பினர் எண், அரைத்த சாவி, இவ்வளவுதான். ஒருவர் முதல்முறை நுழையும்போது பழைய சாவியை வைத்துச் சரிபார். சரியாக இருந்தால் அரைத்துப் புது டேபிளில் வை. அடுத்த முறையிலிருந்து அங்கே பார். என் குழப்பல் நாளடைவில் தளத்துக்குத் தேவைப்படாமல் போகும். உனக்குச் சந்தோஷமாக இருக்குமே.

உன் கடிதங்களைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. நீ செய்வது வேலை இல்லை, சேட்டை. சேட்டைக்குப் படிப்பு எதற்கு? உன் அம்மா சொல்வதுதான் சரி. கணக்குப் பதிவியலுக்கே போ. அங்கே நீ செய்யும் தப்புக்கு யாரும் ஈரத்துணியோடு நிற்க வேண்டியிருக்காது.

மாமா


மார்ச் 29

பயணச்சீட்டு இயந்திரத்தின் உதவியாளருக்கு,

புது டேபிள் போட்டாயிற்று. கதவும் திறக்கிறது, தளமும் திறக்கிறது. ஆக, நீங்கள் இனித் தேவையில்லை.

நான் எதற்குப் போக வேண்டும் என்று சொல்ல, குளத்தையே விட்டு ஓடிப்போனவருக்கு உரிமை இல்லை. இனி எழுதாதீர்கள். வந்தால் பிரிக்க மாட்டேன். வந்த வழியே போகும்.

வாலு என்று கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை. அது நீங்கள் வைத்த பெயர்.


ஏப்ரல் 2

வாலுக்கு,

வாயை மூடிக்கொண்டு இதைப் படி. அவசரம்.

உன் பழைய கடிதத்தை மறுபடி பார்த்தேன். ஒருத்தர் சாவியும் எட்டு எழுத்தைத் தாண்டவில்லை, சோம்பேறிக் கூட்டம் என்று நையாண்டி செய்திருந்தாய். அதைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் நக்கலில் எரிச்சலாகித் தாண்டிப் போய்விட்டேன்.

அவர்கள் சோம்பேறிகள் இல்லை. வாசல் கதவின் பொத்தான் பலகைக்கு எட்டு எழுத்துக்கு மேல் நினைவில் நிற்காது. ஒன்பதாவது எழுத்தை அடித்தாலும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும். ஆனால் வாங்கிக்கொள்ளாது. ஆகவே முதல் எட்டை மட்டும் குழப்பி வைத்திருக்கிறேன். நீளமான சாவி வைத்திருப்பவர்கள் முழுசாகத்தான் அடிக்கிறார்கள். மீதி காற்றில் போகிறது, அது அவர்களுக்கே தெரியாது.

உன் தளம் முழுசையும் வாங்கிக் குழப்பிப் பார்க்கும். ஒத்துப்போகாது. நீ சோதித்துப் பார்த்த மூன்று பேருக்கும் சின்னச் சாவி. அதனால்தான் நுழைந்தீர்கள். பழைய சாவியைச் சரிபார்க்கும் இடத்தில், முதல் எட்டு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து அப்புறம் குழப்பு. ஒரே ஒரு வரி. பத்தாம் தேதிக்குள் செய்.

கணக்குப் பதிவியல் பற்றிச் சொன்னது கோபத்தில். கோபம் இன்னும் இருப்பதால் அதைத் திரும்பப் பெறவில்லை.

மாமா

(இந்தக் கடிதம் பிரிக்கப்படாமல் அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் பெரிய எழுத்தில்: "பெறுநருக்கு மூளை இருப்பதால் இது தேவைப்படவில்லை.")


ஏப்ரல் 11

மாமா,

மூளையைப் பற்றி உறை மேலே ஏதோ எழுதியிருந்தேன். அதை மறந்துவிடுங்கள்.

நேற்றுத் திறந்தோம். அம்மா மேசையில் பூங்கொத்து எல்லாம் வைத்திருந்தாள். முதலில் சில பேர் உள்ளே வந்தார்கள். அப்புறம் போன் அடித்தது. வைத்ததும் அடித்தது. எடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தபோதே இன்னொன்று அடித்தது. சிலர் நுழைகிறார்கள், சிலரால் முடியவில்லை. என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. "என்ன சாவி அடிச்சீங்க?" என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சாவியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பக்கத்தின் அடியில் நான்தான் எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் என் பேச்சை ஜனங்கள் கேட்டது இது முதல்முறை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அந்த வாசகத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

நுழைய முடியாத ஒவ்வொருவரிடமும், பெரியவர், சின்னவர், டாக்டர், தலைமை ஆசிரியை என்று பார்க்காமல், எங்கள் தளம் கேட்டது. "மறந்தது சாவியையா, மூளையையா?" வரவேற்பு அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "ஆமா சார். மூளைன்னுதான் வருது சார். இல்ல சார், உங்களைச் சொல்லல சார்." மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு போனவள் இன்றைக்கும் வரவில்லை. லீவாம்.

கடைசியாக அம்மா தானே உட்கார்ந்து அடித்தாள். அவளையும் கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி கேட்டது.

"உன் பாஸ்வேர்டைச் சொல்லும்மா, எங்க இடிக்குதுன்னு பாக்கறேன்."

"அதைச் சொல்ல முடியாது."

"நான் உன் பொண்ணும்மா."

"அதனாலதான் சொல்ல முடியாது."

தளத்தை மூடிவிட்டேன். அடுத்த ஞாயிறு வரை தவணை. அதற்குள் சரியாகவில்லை என்றால் விண்ணப்பத்தில் கையெழுத்து. அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாள்.

நீங்கள் அனுப்பியதில் என்ன இருந்தது? திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

வாலு (அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்)


ஏப்ரல் 14

மூளை இருக்கும் பெறுநருக்கு,

நீ திருப்பியனுப்பிய உறையை அப்படியே இதற்குள் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. உன் சிவப்பு மையை நீயே கிழித்து, நீயே படித்து, நீயே வெட்கப்படு. மருந்து அதற்குள் இருக்கிறது, ஒரே ஒரு வரி.

முதலில் அந்த மூளை வாசகத்தை எடு. எடுக்கும்போது கண்ணாடியில் ஒருமுறை உன்னையே பார்த்துப் படித்துவிட்டு எடு.

மாமா


ஏப்ரல் 18

மாமா,

வரவேற்பு அக்கா லீவு. ஆகவே மேசையில் அம்மா. ஆகவே தபால் அம்மா கையில். வெளி உறையில் உங்கள் கையெழுத்து, உள்ளே இருந்த உறையில் என் கையெழுத்து. பிரித்தாள். இரண்டையும் நின்றபடியே படித்தாள். நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்.

தாளைக் கையில் பிடித்தபடியே வாசல் கதவுக்குப் போனாள். நானும் பின்னாலேயே. தினமும் காலையில் ரயில் வண்டி போல நீளமாக என்னவோ அடிப்பாளே, அதை அடிக்க ஆரம்பித்தாள். எட்டு எழுத்து ஆனதும் விரலைத் தூக்கிக்கொண்டாள். கதவு திறந்தது. மூடினாள். மறுபடி எட்டு. மறுபடி திறந்தது.

"இத்தனை வருஷமா மீதியை யாருக்குடி அடிச்சேன் நான்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

நான் உள்ளே ஓடி அந்த ஒரு வரியை எழுதினேன். எட்டோடு வெட்டினேன். தளத்தைத் திறந்தேன். ஆளுங்க வந்தார்கள் மாமா, கூட்டம் கூட்டமாக. போன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே வந்த கையோடு ஒவ்வொருவரிடமும் தளத்துக்கென்று புதுச் சாவி கேட்டு, அரைத்து, என் டேபிளில் வைத்துக்கொள்கிறேன். "உங்கள் சாவி தவறு. மன்னிக்கவும்" என்றுதான் இப்போது வருகிறது. எழுதும்போதே கொட்டாவி வந்தது.

ஆனால் படிப்பு போயிற்று.

"அவன்கிட்ட கேக்காதேன்னேன், கேட்ட. சரி, கேட்டுத் தொலைச்ச. வந்த பதிலைப் பிரிச்சுக் கூடப் பாக்காம திருப்பி அனுப்பியிருக்க. அது திமிர். திமிர் பிடிச்சவ கையில கம்ப்யூட்டரைக் கொடுத்தா, மின்சாரக் கோளாறுன்னு நீ புளுகின அன்னிக்கு மாதிரி ஊரே ஈரத்துணியோட வாசல்ல நிக்கும். எங்கேருந்துடி வந்துச்சு இந்தத் திமிர்?"

எங்கேயிருந்து என்று எனக்குத் தெரியும். ஆனால் உயிரோட இருக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்ற சாக்கில் கையெழுத்து திங்களுக்குத் தள்ளிப்போய், திங்கள் இப்போது அடுத்த வார வெள்ளிக்குப் போயிருக்கிறது. வெள்ளி வந்தே தீரும்.

நீங்கள் படிக்காதே என்றதை மீறி ஒரே ஒரு சாவியை அவிழ்த்துப் பார்த்தேன். அம்மாவுடையது. ஆங்கில எழுத்தில் எட்டு. முதல் ஆறு எழுத்து 'தம்பி'. ஏழாவதில் திட்டு ஆரம்பிக்கிறது. எட்டுக்குள் உங்கள் கதவு காதைப் பொத்திக்கொண்டுவிட்டது.

வருங்காலக் கணக்குப் பிள்ளை,
வாலு


ஏப்ரல் 21

வாலுக்கு,

கீழே இருப்பதை மேசைக்கு முன்னால் நின்று, அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படி. பயிற்சியாளரும் குழாய்க்காரரும் இருந்தால் இன்னும் நல்லது.

அக்கா,

இந்தப் பெண்ணுக்குத் திமிர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாயாம். இதோடு அனுப்பியிருக்கும் உறைக் கட்டைப் பார். நான் கிளம்பிப் போன பிறகு உனக்கு எழுதினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், வந்தது. அதற்கப்புறமும் எழுதினேன், எனக்கும் ரோஷம் குறைவு. எல்லா உறையிலும் உன் கையெழுத்து: 'தேவையில்லை.' இவளாவது ஒரு முழு வாக்கியம் எழுதினாள்.

முதல் உறையைப் பிரி. அதில் உன்மேல் ஒரு சொல் திட்டுக்கூட இல்லை. கதவை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, பொத்தான் பலகைக்கு ஏன் எட்டுக்கு மேல் ஆகாது, பின்னால் யாராவது புதுசாகக் கட்டினால் எங்கே வெட்ட வேண்டும், எல்லாம் இருக்கிறது. அன்றைக்கே நீ அதைப் பிரித்திருந்தால் இவள் எனக்கு எழுத வேண்டியதே வந்திருக்காது. உன் மேசை போனும் அடித்திருக்காது.

அதற்கப்புறம் வந்தவற்றில் திட்டு இருக்கிறது. நிதானமாகப் படி.

வந்த பதிலைப் பிரிக்காதவளுக்குத் தண்டனை கணக்குப் பதிவியல் என்றால், இன்னொரு விண்ணப்பமும் வாங்கு, உன் பெயரில். ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

தம்பி


ஏப்ரல் 25

மாமா,

படித்தேன். பயிற்சியாளர் இருந்தார். வரவேற்பு அக்காவும் லீவு முடிந்து வந்துவிட்டாள், இதைத் தவறவிட மாட்டேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழாய்க்காரருக்குப் போன் செய்தேன், வேறு இடத்தில் வேலையாம், வருத்தப்பட்டார்.

ஒரே பெஞ்சு என்ற இடத்தில் பயிற்சியாளர் சிரித்துத் தொலைத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து குளத்துக்கே போய்விட்டார்.

முதல் உறையைக் கத்திரியால் ஓரமாக வெட்டிப் பிரித்தாள். படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். "கையெழுத்தைப் பாரு, கோழி கிளறினமாதிரி" என்றாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். மற்ற உறைகளைப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "வீட்டுல போய் பாத்துக்கறேன்" என்றாள். குரல் என்னவோ போல இருந்தது. அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை, கவனித்தால் என்னைத்தான் கடித்திருப்பாள்.

"இவ்வளவு விவரமா எழுதத் தெரிஞ்சவன், வாயைத் திறந்து நேர்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நேர்ல நீ பேச விட்டியாம்மா?"

"நீ யார் கட்சி?"

"கதவு கட்சி."

அப்புறம்தான் உங்களுக்கான சேதியைச் சொன்னாள். "எட்டுக்கு மேல எண்ணத் தெரியாத கதவை மாட்டினவனையே வந்து கழட்டச் சொல்லு. வேற எவன் தொட்டாலும் திறக்காது, திறந்தாலும் மூடாது. நான் கூப்பிட்டேன்னு எழுதாதே. கதவு கூப்பிடுதுன்னு எழுது."

அப்படியே எழுதிவிட்டேன். கதவு கூப்பிடுகிறது. உங்கள் கால் வருகிறதா பாருங்கள். வந்தால் பொத்தான் பலகையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து மாற்ற வேண்டுமாம். பழைய டேபிளை என் டேபிளோடு எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, உங்களுடையதைவிட நல்லது. சண்டை போடத் தயாராக வாருங்கள்.

நீங்கள் வந்து சேரும்வரை வாசலில் ஒரு அறிவிப்பு வேண்டும் என்றாள் அம்மா. தாள் தேடினாள். மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அடியில் கிடந்ததை உருவி, திருப்பிப் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதினாள். "முதல் எட்டு எழுத்து போதும். மீதியை அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்." பசை தடவிக் கதவுக்குப் பக்கத்தில் அவளே ஒட்டினாள். நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்துவிட்டாள், உரித்தால் கிழிந்துதான் வரும்.

கணக்குப் பதிவியல் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வாலு